ஊழியருக்கு ஊழியன்



நம் ஆலயத்தின் வரலாற்றை இம்மலரில் வேறு சிலர் அழகுற எழுதியிருக்கிறார்கள். நாம் திருச்சபையின் பழைய வரலாற்றிலிருந்து ஒரு பட்டப்பெயர்ச் சண்டையை எடுத்துக்கொள்கிறோம். ஜூபிலி ஆண்டில் சண்டைக் கதையா என்பீர்கள். தலையான பாவங்கள் ஏழில் முதலாவதாக ஞானோபதேசத்தில் நாம் படித்த அகங்காரம், விழாக் காலத்தில்தான் கோவிலுக்குள் அதிகம் நடமாடுகிறது. ஆகவே சொல்லத் துணிந்தோம்.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் கான்ஸ்தாந்திநோப்பிளின் பிதாப்பிதாவாக இருந்தவர் யோவான். ஓயாத ஒருசந்தியினால் 'உபவாசி' என்றே பெயர் பெற்றவர். கீழைத் திருச்சபை அவரைப் புனிதராகக் கொண்டாடுகிறது. அவர் 'அனைத்துலகப் பிதாப்பிதா' என்ற பட்டத்தை வழங்கி வந்தார். கிரேக்கர் அச்சொல்லை அத்தனை பெரிதாகக் கருதவில்லை என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். ஆனால் உரோமையில் அது வேறு விதமாக ஒலித்தது.

அங்கே பாப்பரசராயிருந்தவர் முதலாம் கிரகோரியார் (590–604). செல்வக் குடியில் பிறந்து, நகர ஆளுநராக விளங்கி, அதை உதறித் தம் வீட்டையே புனித பெலவேந்திரர் மடமாக்கித் துறவியானவர். 590-ல் பாப்பரசர் இரண்டாம் பெலாஜியார் கொள்ளைநோயில் இறந்து, மக்கள் இவரைத் தேர்ந்தபோது, இதற்கு இசையவேண்டாம் என்று பேரரசருக்கே எழுதியவர்!

595-ல் இவர் யோவானுக்கு விடுத்த மடல் காரமானது. ஆயர் பதவிக்கே தகுதியற்றவன் என்று ஒதுங்க விரும்பிய நீர், உடன் ஆயர்களெல்லாம் உமக்குக் கீழே நிற்கும் பட்டத்தையா நாடுகிறீர் என்று கேட்கிறார். யோவானின் ஒருசந்தி பொய்யல்ல. வயிற்றை வென்றவருக்கும் பட்டத்தின்மேல் பசி எடுக்கும்.

பிறர் பெருமையைக் கண்டிப்பது எளிது. கிரகோரியாருக்குச் சோதனை பிறகுதான் வந்தது. அலெக்சாந்திரியாவின் பிதாப்பிதா எவுலோஜியார், 'நீர் கட்டளையிட்டபடி' என்றும், 'அனைத்துலகப் பாப்பரசர்' என்றும் இவரை விளித்து எழுதினார். இவரோ கட்டளை என்ற சொல்லையே காதில் போடவேண்டாம் என்றார். நலமென்று பட்டதைத்தான் தெரிவித்தோம், சகோதரரின் மதிப்பைக் குறைத்து வரும் மதிப்பு எமக்கு மதிப்பன்று என்னும் கருத்தில் பதில் விடுத்தார். 'கடவுளின் ஊழியருக்கு ஊழியன்' என்று கையெழுத்திட்ட கை அது. பாப்பரசர்களின் ஆணைமடல்களில் அச்சொல் இன்றும் முதல் வரியில் நிற்கிறது. அச்சொல்லே தாழ்ச்சியைத் தந்துவிடும் என்பதற்கில்லை. 1302-ல் பிரெஞ்சு மன்னரோடு மல்லுக்கு நின்ற எட்டாம் போனிபாசின் மடலும் அதே சொல்லோடுதான் தொடங்குகிறது.

தேர்வடத்தை முதலில் தொடுவது யார், கொடியேற்றத்தில் முன்வரிசை யாருக்கு, மின்விசிறியில் யார் பெயர் பெரிதாக இருக்கிறது என்னும் வழக்குகள் எந்தப் பங்கில் இல்லை? குருக்களுக்கும் இது விலக்கல்ல. மேடையில் நடு நாற்காலி யாருக்கென்று பாராத கண் அரிது.

கிரகோரியாரைப்பற்றி இன்னொரு செய்தி. அவர் இறந்து ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்குப் பின் அவர் சரிதையை எழுதிய தியாக்கோன் யோவான், இலாத்தரன் அரண்மனையில் அவர் காலத்துப் பெரிய ஏடு ஒன்று இருந்ததாகக் குறிக்கிறார். உதவி பெற்ற ஏழைகளின் பெயர், வயது, தொழில், யாருக்கு எப்போது எவ்வளவு என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன.

இம்மலரின் கடைசிப் பக்கங்களில் நன்கொடையாளர் பெயர்களை விழாக்குழுவினர் அச்சிட்டிருக்கிறார்கள். நன்றி சொல்வது முறையே. அத்துடன், நம் பங்கின் ஏழைக் குடும்பங்களுக்கான ஏடு ஒன்றும் இந்த ஜூபிலியில் திறக்கப்படுகிறது. புனித வின்சென்ட் தே பவுல் சபையார் அதை வைத்திருப்பார்கள். அது அச்சேறாது. அதில் சேர்க்கவேண்டிய குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், மாலைப் பூசைக்குப் பின் எம்மிடம் வந்து சொல்லுங்கள்.