வைபையில் மெய்நிகர் கணினிக்கு இணையம் வரவில்லையா?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தரும் கடிதங்கள், ஒளிப்படங்கள், குரல் பதிவுகளை அன்றாட விண்டோஸிலிருந்து பிரித்துவைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி, மடிக்கணினிக்குள்ளேயே லினக்ஸ் ஓடும் மெய்நிகர் கணினியொன்றை அமைத்துக்கொள்வது. இலவசமாகக் கிடைக்கும் விர்சுவல்பொக்ஸ் அதற்குப் போதும். ஆனால் கேபிள் இணைப்பில் ஒழுங்காக ஓடிய அந்தக் கணினி, வைபைக்கு மாறியதும் இணையத்தை இழந்துவிடுவதுண்டு.

முதலில், உள்ளே வைபை அடையாளத்தைத் தேடவேண்டாம். விர்சுவல்பொக்ஸ் தன்னுள் காட்டுவது கேபிள் இணைப்புக்கான அட்டையை மட்டுமே. வைபை கடவுச்சொல் வெளியிலுள்ள விண்டோஸின் வேலை.

செற்றிங்ஸில் நெற்வேர்க் பகுதியைத் திறவுங்கள். 'பிரிட்ஜ்ட் அடப்டர்' என்றிருந்தால், அதன் கீழே பழைய கேபிள் அட்டையே தெரிவாகி இருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால் வைபை அட்டைக்கு மாற்றுங்கள். பல வேளைகளில் இதோடு முடிந்துவிடும். இன்னொருவரின் மெய்நிகர் கணினியை நகலெடுத்திருந்தால் மக் முகவரியையும் புதிதாக்குங்கள்.

அப்படியும் வராவிட்டால் காரணம் வைபையின் இயல்பில் இருக்கிறது. பிரிட்ஜ் முறையில் மெய்நிகர் கணினி வேறொரு மக் முகவரியோடு வலையமைப்புக்குள் நுழையப் பார்க்கும். கேபிளில் அது சிக்கலில்லை. வைபை ரவுட்டரோ தன்னோடு இணைந்துகொண்ட கருவியின் முகவரியை மட்டுமே ஏற்கும். மடிக்கணினியின் முகவரியையே போட்டு விர்சுவல்பொக்ஸ் இதைச் சமாளிக்கிறது என்றாலும், எல்லா அட்டைகளிலும் ரவுட்டர்களிலும் அது பலிப்பதில்லை. உள்ளே ஓடுவது விண்டோஸ் என்றால், 169.254 எனத் தொடங்கும் ஐ.பி. முகவரி இதற்கான அடையாளம்: ரவுட்டர் முகவரி தரவில்லை.

அப்போது மல்லுக்கட்டாமல் 'நட்' முறைக்கு மாற்றிவிடுங்கள். இதில் மெய்நிகர் கணினி ரவுட்டரிடம் தனி முகவரி கேட்காது. மற்ற மென்பொருள்களைப்போல மடிக்கணினியின் இணைப்பிலேயே வெளியே போகும். கைபேசி ஹொட்ஸ்பொட்டுக்கும் இதுவே தோது. உள்ளே முகவரி வழக்கமாக 10.0.2.15 என வரும். வந்தும் தளங்கள் திறக்கவில்லையா? 8.8.8.8 என்ற இலக்கத்துக்கு பிங் கொடுங்கள். இலக்கத்துக்குப் பதில் வந்து தளப் பெயருக்கு வராவிட்டால், பழுது டி.என்.எஸ். அமைப்பில்.

நட் முறையில் அதே வைபையிலுள்ள வேறு கணினிகள் உங்கள் மெய்நிகர் கணினிக்குள் நேரடியாக நுழைய முடியாது. சிலருக்கு அது குறை. நமது வேலைக்கு அது நல்லதே.

இன்னொரு காரணம் வி.பி.என். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட பிறகு அது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல். விண்டோஸில் வி.பி.என். போட்டால் மெய்நிகர் கணினியும் அதற்குள்ளால் போகும் என்று எண்ணிவிடுகிறோம். நட் முறையில் பொதுவாக அப்படித்தான். பிரிட்ஜ் முறையில் தரவு வி.பி.என்.ஐத் தொடாமல் நேரே ரவுட்டருக்குப் போய்விடும். உள்ளிருந்து, ஐ.பி. முகவரியைக் காட்டும் தளமொன்றைத் திறந்து பார்த்தால் எது நடக்கிறது என்று தெரியும். அதைப் பார்க்காமல் ஒருவரின் சாட்சியத்தை அனுப்பாதீர்கள்.

வெளியிலுள்ள விண்டோஸில் உளவு மென்பொருள் புகுந்திருந்தால், மெய்நிகர் கணினியின் திரையும் நீங்கள் தட்டும் எழுத்துகளும் அதற்குத் தெரியும். நட், பிரிட்ஜ் எதுவும் அதைத் தடுக்காது. கோப்புகளை வாசிக்க மட்டும் திறக்கும் நாட்களில், நெற்வேர்க் பகுதியில் 'கேபிள் கனெக்டட்' என்ற தெரிவையும் எடுத்துவிடுங்கள். உள்ளிருந்து இணையம் அறுந்துவிடும்.