கட்டுவிரியன் கடி: கண்டறியும் முறை

கட்டுவிரியன் கடி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பெரும்பாலும் வேறு நோயின் பெயரில் வந்து சேரும் பாம்புக்கடி. தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுவார். இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நினைப்பார்கள். சில மணி நேரத்தில் இமைகள் தொங்கும், பார்வை இரட்டையாகும், எச்சில் விழுங்க முடியாது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க வராது. அடுத்தது மூச்சுத் தசைகள்.

இந்தப் பாம்பு இரவில் நடமாடுவது, பல் சிறியது. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ அநேகமாக இருக்காது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். ஆகவே கடிவாயைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, எங்கே படுத்திருந்தார் என்று கேட்பதே பயனுள்ளது. ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொன்னால் இமை தளர்வது தெரியும். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னால் மூச்சின் வலு தெரியும். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் செயற்கைச் சுவாசத்துக்கு ஆயத்தமாக வேண்டும்.

இதுபோலத் தோன்றும் மற்ற நோய்களிலிருந்து பிரித்தறிய வேண்டும். பக்கவாதம் பொதுவாக ஒரு பக்கத்தைத் தாக்கும். கட்டுவிரியன் கடியின் தளர்ச்சி இரு கண்ணிலும் தொடங்கும். பூச்சிமருந்து விஷத்தில் கண்மணி சுருங்கும், வாயில் நுரை தள்ளும். கில்லன்-பாரே நோயில் பலவீனம் பெரும்பாலும் காலில் தொடங்கி நாள்கணக்கில் மேலேறும். இரத்த உறைவுச் சோதனையும் உதவும்: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் என்று சந்தேகிக்கலாம். கட்டுவிரியன் கடியில் வழக்கம்போல் உறையும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவை நம்ப முடியாது.

விஷமுறிவு மருந்தைத் தாமதிக்கக் கூடாது. விஷம் நரம்பின் முனையையே சிதைப்பதால், சேதமானதை மருந்தால் மீட்க முடியாது. நரம்பு மீண்டும் தளிர்க்கும்வரை வென்டிலேட்டர்தான் துணை. அதற்குச் சில நாள்கள் ஆகலாம். இதற்கிடையில் கண்மணி விரிந்து அசைவற்றிருப்பதைப் பார்த்து மூளைச்சாவு என்று முடிவுகட்டிவிடும் ஆபத்து உண்டு. உண்மையில் நோயாளிக்கு நினைவும் செவியும் இருக்கக்கூடும். சுவாசத்தை விடாமல் தாங்கினால் பெரும்பாலோர் முழுமையாகத் தேறுகிறார்கள்.

விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷம் சென்னைக்குப் பக்கத்திலிருந்தே கிடைக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வடநெம்மேலி. அங்கே 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்து, மருந்து தயாரிப்போருக்கு விற்கிறது. விஷம் எடுத்தபின் பாம்புகளைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் தெரிவிக்க வேண்டும். வயிற்றுவலி என்று மட்டும் எழுதப்பட்ட கட்டுவிரியன் கடி அந்தக் கணக்கில் சேராது.