ஏர் எடுக்கத் தெரிந்த வீடுகள்

2016 மே 23 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சுற்று அமர்வு கொச்சியில் கூடியது. கூடிய கையோடு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர் ஆகிய ஆறு நகரங்களில் ஓடக் கூடாது. ஒரு மாதம் கெடு. மீறினால் 10,000 ரூபாய் கட்ட வேண்டும். 2000 சிசிக்கு மேற்பட்ட புதிய டீசல் வண்டிகளைப் பதிவு செய்வதற்கும் தடை. ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் வண்டிக்காரர்களுக்கு மூச்சு வந்தது.

தீர்ப்பாயத்தின் கணக்கில் பத்து வயது என்றால் கிழடு. கொச்சியின் மட்டாஞ்சேரிக் கணக்கில் அது வண்டி கைக்குப் பழகி வரும் பருவம். அங்கே முப்பது வயது அம்பாசடரை வாசலில் நிறுத்திவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் ஒரு காலத்தில் வேடிக்கைப் பொருள் அல்ல. தெருவுக்கு ஒருவர் இருந்தார்.

இந்தப் பழக்கத்தைக் கார்க் காதல் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. உண்மையில் அதைப் பெற்றெடுத்தது விலை. 1973-லும் 1979-லும் உலக எண்ணெய் நெருக்கடி வந்தபோது பெட்ரோல் எகிறியது. லாரிக்கும் உழவுக்கும் வேண்டுமென்று டீசலை மட்டும் அரசு தாழ்த்தியே வைத்தது. பல ஆண்டுகள் பெட்ரோலின் பாதி விலையை ஒட்டித்தான் டீசல் விற்றது. ஒருநாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டும் டாக்சிக்காரருக்கு இதைவிடப் பெரிய செய்தி எது?

1980-ஐ ஒட்டி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவிலிருந்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் டீசல் அம்பாசடரை வெளியிட்டது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த 1489 சிசி எஞ்சின். ஆற்றல் 37 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை 37 குதிரைகள் இழுப்பதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். இதே குடும்பத்து எஞ்சின்தான் இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளிலும் உட்கார்ந்திருந்தது. வேகத்துக்குப் பேர் போனதல்ல. திறந்து பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க விடும் எஞ்சின்.

படகு என்றதும் கொச்சிக்காரர் நிமிர்ந்து உட்காருவார். மட்டாஞ்சேரிக்கு டீசல் எஞ்சின் காரில் வந்து சேரவில்லை, தண்ணீரில் மிதந்து வந்தது. பிரிட்டிஷ் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணால் வில்லிங்டன் தீவை எழுப்பி, 1940-ஐ ஒட்டி தோப்பும்படிப் பாலம் போடும் வரை, எர்ணாகுளத்திலிருந்து இந்தப் பக்கம் வர வள்ளமும் படகும்தான் வழி. நார்வே உதவியுடன் நீண்டகரையில் தொடங்கிய இயந்திரப் படகுத் திட்டம் 1963-இல் எர்ணாகுளத்துக்கு இடம் மாறியது. அதே ஆண்டில் மீன்பிடிக் கலத்துக்கு எஞ்சின் டிரைவர்களைப் பயிற்றுவிக்க மத்திய அரசு இங்கே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. 1966-இல் அம்பலமுகளில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. ஆக, காரில் டீசல் வருவதற்கு முன்பே பம்பு, நாசில், லைனர் எல்லாம் தெரிந்த கைகள் இந்தக் கரையில் இருந்தன. படகு எஞ்சினைப் பிரித்த கைக்கு அம்பாசடர் எஞ்சின் பெரிய விஷயமா?

பெட்ரோல் அம்பாசடர் வைத்திருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. எஞ்சினை இறக்கிவிட்டு, மாட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் மிளகு, இஞ்சி, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே மாட்டடோர் வேன் ஓடிக்கொண்டிருந்ததால் அதன் எஞ்சின் யாருக்கும் புதிதல்ல. சட்டப்படி இந்த மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பழைய கார் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான். பெயிண்டைப் பிறகு பார்க்கலாம்.

வீட்டில் பார்த்த வேலைகளில் முதன்மையானது ஏர் எடுப்பது. டீசல் தீர்ந்து வண்டி நின்றாலோ, ஃபில்டர் மாற்றினாலோ குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் பம்பு அதை அமுக்கிக்கொண்டே இருக்கும், நாசில் திறக்காது. செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அப்போது ஃபில்டர் தலையில் இருக்கும் சின்னத் திருகை அரைச்சுற்று தளர்த்தி, பக்கத்தில் உள்ள கைப் பம்பைக் கட்டைவிரலால் குத்த வேண்டும். முதலில் நுரை வரும். பிறகு நுரையும் எண்ணெயுமாக வரும். கடைசியில் குமிழி இல்லாமல் தெளிவாக வழியும்போது, வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். நின்ற பிறகு இறுக்கினால் மறுபடி காற்று புகும். அடுத்து நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். டீசல் விட்டுவிட்டுத் தெறித்ததும் ஒவ்வொன்றாக இறுக்கினால், தட்டுத் தடுமாறி ஒரு சிலிண்டர், பிறகு இரண்டு, பிறகு நாலும் பிடிக்கும். வீடே அதிரும். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார்.

நாசில் சோதனையை மட்டும் யாரும் முற்றத்தில் செய்யக் கூடாது. சோதனைக் கருவியில் மாட்டி அழுத்தும்போது எண்ணெய் பனிப்புகையாகச் சீற வேண்டும். சொட்டினால் நாசில் போய்விட்டது. அந்தச் சீற்றத்துக்கு நேரே விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். பெரிய காயமாகவே தெரியாது, ஆனால் விரலை எடுக்க வேண்டி வரலாம். அதனால்தான் பம்பும் நாசிலும் டீசல் பம்பு கடைக்குப் போயின. மற்றதெல்லாம் வீட்டோடு நின்றது. பம்பு என்றால் பெரும்பாலும் பெங்களூர் மைக்கோ. 1951-இல் தொடங்கி, பிற்காலத்தில் பாஷ் என்று பெயர் மாறிய கம்பெனி அது. பழைய ஆசான்மார் வாயில் இன்னமும் மைக்கோதான்.

நோயைப் புகையில் படித்தார்கள். கறுப்பு என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்பு அதிகம் ஊற்றுகிறது. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கும், செலவு காத்திருக்கிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளை அடங்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

எஞ்சின் கோளாறைவிடக் கொச்சியில் கொடிய எதிரி துரு. மூன்று பக்கமும் உப்புக் காற்று, ஜூனில் தொடங்கி மாதக்கணக்கில் மழை. அம்பாசடரின் கனத்த தகடும் தரைப் பக்கத்திலிருந்து அரிக்கும். மழைக்கு முன் பழைய எஞ்சின் ஆயிலை வண்டியின் அடிவயிற்றில் அடித்துவிடுவார்கள். துருவுக்கு நல்ல மருந்து. மண்ணுக்கும் காயலுக்கும் விஷம். அப்போது அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சாமான் எங்கே கிடைக்கும்? பழைய உதிரி பாகத்துக்கு எர்ணாகுளத்தில் புல்லேப்படி. அங்கே இல்லையென்றால் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி கோவை உக்கடம். அதற்கும் மேல் சென்னை புதுப்பேட்டை. வண்டியை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகப் பிரித்து அடுக்கிவைக்கும் தெரு அது. கிடைக்காததை லேத்தில் கடைந்துகொண்டார்கள்.

சாமான் விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள் பழைய பென்ஸ்காரர்கள். 240டி மாடலின் ஓஎம் 616 எஞ்சினை 1980-களில் பஜாஜ் டெம்போ உரிமம் பெற்று இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது. டிராவலர், டிராக்ஸ் வண்டிகளில் ஏறியது அதுதான். பணக்காரர் காருக்கும் கல்யாண வேனுக்கும் ஒரே வம்சத்து எஞ்சின்! ஷோரூமில் கேட்டால் தலைசுற்றும் விலை, டெம்போ கடையில் கேட்டால் மடியில் இருக்கும் காசுக்கு முடிந்தது. இந்த 240டி எவ்வளவு உழைக்கும் என்பதற்குக் கிரேக்க நாட்டு டாக்சி ஒன்று சாட்சி. எஞ்சின்களை மாற்றி மாற்றி 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய அந்தக் கார் 2004-இல் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படி வண்டியோடு மல்லுக்கட்டும் மெக்கானிக்கை மலையாளிகள் திரையிலும் கொண்டாடினார்கள். 1988-இல் பிரியதர்ஷன் இயக்கிய ‘வெள்ளானகளுடெ நாடு’ படத்தில் ரோடு ரோலரைச் சரிசெய்ய வரும் மெக்கானிக்காகக் குதிரவட்டம் பப்பு அடிக்கும் லூட்டி இன்றும் வீட்டு வாசல்களில் நடித்துக் காட்டப்படுகிறது. எதற்கும் அசராமல் ஸ்பானரும் கையுமாக நிற்கும் ஆள் எல்லோருக்கும் தெரிந்தவர் என்பதால்தான் அந்தச் சிரிப்பு.

சரிவு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. 1998-இல் இண்டிகா டீசல் காரும், 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் டீசலும் வந்தன. ஸ்விஃப்டின் காமன் ரயில் எஞ்சினில் ஸ்பானரால் தீராத கோளாறுகள் வந்தன. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். மறுபக்கம், 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. பெட்ரோலோடு இருந்த பெரிய இடைவெளி கரைந்ததும் முற்றத்தில் மல்லுக்கட்டுவதற்கான நியாயமும் கரைந்தது. அதே ஆண்டு மே மாதம் உத்தர்பாரா ஆலை நின்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களை அடியோடு கைவிட்டது.

பழைய கைக்கு 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மறுபடி வேலை வந்தது. பெரியாற்றங்கரையில் ஆலுவா, பறவூர்ப் பக்கம் கார்கள் மூழ்கின. நீர் புகுந்த புதிய கார்களில் மின்னணுப் பெட்டி போனால் கதை முடிந்தது. பழைய டீசலில் நாசில்களைக் கழற்றி, கிராங்கைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய்களை மாற்றினால் உயிர் திரும்ப வாய்ப்புண்டு. தண்ணீர் இருக்கும்போதே செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்பது தெரிந்தவர்கள் வண்டியைக் காப்பாற்றினார்கள்.

இதையெல்லாம் மெச்சும்போது புகையை மறைக்கக் கூடாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. ஜன்னலைச் சாத்திய பக்கத்து வீட்டுக்காரர் செய்தது சரி. தீர்ப்பாயத்தின் கவலையும் நியாயமானது. தவறியது அது எடுத்த அளவுகோல். பராமரித்த இருபது வயது எஞ்சினையும், பராமரிக்காத எட்டு வயது எஞ்சினையும் பிறந்த தேதி பிரித்துக் காட்டாது. புகை அளவி காட்டும். பழைய டீசல்களுக்கு 65 ஹார்ட்ரிஜ் அலகு என்ற வரம்பு விதியில் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒழுங்காக அளந்து, தாண்டியதை ரோட்டைவிட்டு இறக்கியிருந்தால் போதும்.

இன்று மட்டாஞ்சேரியின் கேஎல்-43 எண்ணோடு பழைய டீசல் கார் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 15 ஆண்டு முடிந்தால் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. புகைச் சான்றிதழும் தகுதிச் சோதனையும் தனி.