முதுகெலும்புக்கு ஒரு சிமெண்ட் பூச்சு

வயதான காலத்தில் எலும்பு தேய்ந்து பலமிழந்துவிட்டால், கீழே விழக்கூட வேண்டியதில்லை. குனிந்து ஒரு வாளியைத் தூக்கினாலே முதுகில் உள்ள முள்ளெலும்பு நசுங்கிப் போகலாம். பிறகு வாரக்கணக்கில் வலி, படுக்கை, மெல்ல மெல்ல விழும் கூன்.

இதற்கு ஒரு வழி பிரான்சிலிருந்து வந்தது, அதுவும் வேறொரு நோயின் வழியாக! 1984-ல் ஆமியான் நகரில் கலிபேர், தெராமோன் என்ற இரு மருத்துவர்கள், கழுத்தெலும்பை ரத்தக்குழாய்க் கட்டி அரித்திருந்த ஒரு பெண்ணுக்கு ஊசி வழியே எலும்பு சிமெண்டைச் செலுத்தினார்கள். செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்த உதவும் அதே சிமெண்ட்தான். வலி போயிற்று. வெர்டிப்ரோபிளாஸ்டி பிறந்தது.

எலும்புத் தேய்மான முறிவுகளுக்கும் இது பரவியது. 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கட்டுரையில், 29 நோயாளிகளில் 26 பேருக்கு 24 மணி நேரத்திலேயே வலி குறைந்தது. படுத்திருந்தவர் எழுந்து நடந்தால் யார்தான் கேள்வி கேட்பார்கள்? ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத குழு எதுவும் அதில் இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதன்பின் பலருக்கு அது தானாகவும் தணியும். இதைப் பிரித்துப் பார்க்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

2009 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஆஸ்திரேலியாவில் புக்பைண்டர் குழு 78 பேரையும், அமெரிக்காவின் கால்ம்ஸ் குழு 131 பேரையும் சேர்த்திருந்தன. பாதிப் பேருக்குச் சிகிச்சை போலவே ஒரு நாடகம்! மரத்துப் போகும் ஊசி போட்டு, முதுகை அழுத்தி, நோயாளி நம்புவதற்காக சிமெண்டைத் திறந்து வாசனையையும் பரவவிட்டார்கள். சிமெண்ட் மட்டும் உள்ளே போகவில்லை. கால்ம்ஸ் ஆய்வில் பத்துக்கு ஏழளவில் இருந்த வலி, ஒரு மாதத்தில் சிமெண்ட் குழுவில் 3.9 ஆகவும் நாடகக் குழுவில் 4.6 ஆகவும் இறங்கியது. இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். இத்தனைக்கும் கால்ம்ஸ் இந்தச் சிகிச்சையைத் தாமே செய்து வந்தவர்.

எதிர்ப்பு கிளம்பியது. பழைய முறிவுகளைச் சேர்த்துவிட்டார்கள் என்பது முக்கியமான குற்றச்சாட்டு, அதில் நியாயமும் உண்டு. 2011-ல் ஆஸ்திரேலிய அரசு இதற்கான காப்பீட்டை நிறுத்தியது. 2016-ல் சிட்னியில் ஆறு வாரத்துக்குட்பட்ட முறிவுகளோடு வந்த 120 பேரிடம் நடந்த ஆய்வில், 14-ஆம் நாள் வலி நன்கு தணிந்தவர்கள் சிமெண்ட் குழுவில் 44 சதவீதம், மற்றதில் 21 சதவீதம். (சிமெண்ட் கருவி நிறுவனத்தின் நிதியுதவி அதில் இருந்தது.) 2018-ல் நெதர்லாந்தில் 180 பேரிடம் செய்த ஆய்விலோ மீண்டும் வித்தியாசம் இல்லை.

அதே ஆண்டு வெளியான காக்ரேன் தொகுப்பு, வழக்கமான சிகிச்சையாக இதைச் செய்ய ஆதாரம் இல்லை என்றது. ஆனாலும் 2020-ல் ஆஸ்திரேலியா, மூன்று வாரத்துக்குட்பட்ட, கடும் வலியுள்ள முறிவுகளுக்கு மட்டும் காப்பீட்டைத் திரும்பக் கொடுத்தது.