சும்மாட்டுக்கும் துணி கூடாது

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது பண்டைத் தமிழர் ஆடை அணிகலன் பற்றிப் பாடம் இருந்தது. கலிங்கம், துகில், தழையுடை என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கினேன். யாரை எதை உடுத்தவிடவில்லை என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை.

எங்க ராமநாதபுரம் சீமையில் அதற்குப் பதில் இருக்கிறது. 1930 டிசம்பரில் இங்குள்ள கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதி பற்றி 1946இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூ, மஞ்சள் கூடாது. தங்கம், வெள்ளி கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள்.

அதுவும் போதவில்லை. 1931 ஜூனில் 11 தடைகள் வந்தன. தேவேந்திரகுல வேளாளரையும் பேர் சொல்லிச் சேர்த்தார்கள். தண்ணிக் குடத்துக்கு வைக்கிற சும்மாட்டுக்கும் துணி கூடாதாம், வைக்கோல்தானாம்! அதே பட்டியலில்தான் பிள்ளைகள் படிக்கக்கூடாது, சொந்த நிலத்தை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், காலை 7 மணி முதல் மாலை 6 மணிவரை வேலைக்கு ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா கூலி என்பதும் வருகிறது. துணி வேறு, நிலம் வேறு, கூலி வேறு என்று நாம்தான் பிரித்துப் படிக்கிறோம். தடை போட்டவனுக்கு எல்லாம் ஒரே கணக்கு.

இன்னொன்று. எவனும் போடாத சட்டைக்கு எவன் தடை போடுவான்? எம் மக்கள் போட ஆரம்பித்துவிட்டார்கள், அதுதான் அவனுக்கு எரிந்தது. இந்தத் தடைப் பட்டியலைத் திருப்பிப் பிடித்துப் படித்தால், அவர்கள் தாமாகவே எடுத்துக்கொண்ட உரிமைகள் தெரியும். சேரியில் முதன்முதலாகக் கிராப்பு வெட்டிய பையனின் பேர் எந்த ஏட்டிலும் இல்லை. அவனைக் கண்டு பயந்து போட்ட தடை ஏட்டில் இருக்கிறது.

எங்க அப்பத்தா சாகிறவரைக்கும் ரவிக்கை போட்டதில்லை. "அந்தக் காலத்து வழக்கம்யா" என்று சொல்லும். நானும் நம்பினேன். அது வழக்கமா, தடையா என்று கேட்கத் தோன்றியபோது அப்பத்தா இல்லை. பழைய போட்டோக்களைப் பார்த்து 'எளிய உடைப் பழக்கம்' என்று எழுதும் ஆய்வாளர்களும் அதைக் கேட்பதில்லை. தோழர்களே, உங்க வீட்டுக் கிழவிகள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.