நூறு வருஷமாக ஆவி கக்கும் போர்வெல்

நம்ம அம்பத்தூர், ஆவடி பக்கம் போர்வெல்னாலே தண்ணி எத்தனை அடியில கிடைச்சதுங்கறதுதான் பேச்சு. இன்னைக்கு நான் சொல்லப்போறது நீராவிக்காகப் போட்ட போர்வெல்லின் கதை.

இந்தோனேசியாவில், மேற்கு ஜாவாவின் காமோஜாங் மலைப்பகுதியில் 1926-ல் டச்சுக்காரர்கள் போட்ட கிணறு அது. ஆழம் வெறும் 66 மீட்டர். அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டே இருக்கிறது.

பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியை வைத்து இத்தாலியின் லார்டரெல்லோவில் 1904-லேயே ஐந்து பல்பு எரியவிட்டுவிட்டார்கள். வழியும் தெரியும், ஆவியும் இருக்கு. ஆனாலும் காமோஜாங்கில் வணிக அளவில் மின் நிலையம் ஓட 1983 ஆயிற்று. 57 வருஷம்! ஏன் இவ்வளவு தாமதம்?

1928-க்குள் ஐந்து கிணறு தோண்டியதோடு டச்சு அரசு நிறுத்திக்கொண்டது. பிறகு உலகப் போர், விடுதலைப் போர். சுதந்திர இந்தோனேசியாவிடம் சொந்த எண்ணெய் இருந்தது. ஆவியை யார் தேடுவார்கள்? 1970-களில் எண்ணெய் விலை எகிறியதும் கணக்கு மாறியது. உள்ளூரில் எரிக்கிற எண்ணெயை மிச்சம் பிடித்தால், ஏற்றுமதி செய்து டாலர் பார்க்கலாம் இல்லையா? நியூசிலாந்தின் உதவியோடு மறுபடி துளையிட்டார்கள். 1983-ல் 30 மெகாவாட் நிலையம் வந்தது.

அப்புறமும் சிக்கல்தான். 1997-ல் ரூபியா சரிந்தபோது அரசு பல திட்டங்களை நிறுத்தியது. அதில் கரஹா போடாஸ் திட்டத்துக்காக மட்டும் 26 கோடி டாலர் இழப்பீடு தரச்சொல்லி 2000-ல் நடுவர் தீர்ப்பு வந்தது. 2003-ம் ஆண்டுச் சட்டம் இதைச் சுரங்கத் தொழில் கணக்கில் சேர்த்தது. அதனால் பாதுகாக்கப்பட்ட காட்டில் துளையிடுவது சிக்கலானது. ஆவி இருக்கிற எரிமலைகளோ பெரும்பாலும் காட்டுக்குள்! 2014-ல் புதுச் சட்டம் போட்டுத்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். இன்று 2,000 மெகாவாட்டுக்கு மேல் நிலையங்கள். அமெரிக்காவுக்கு அடுத்த இடம். ஆனால் புளோரஸ் தீவின் போகோ லியோக்கில், எங்கள் நிலம் போய்விடும் என்று மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள்.

சரி, நம்ம நாடு? அந்தமானில் பேரன் தீவு எரிமலை இருக்கிறது. ஆனால் அது ஆளில்லாத் தீவு. நமக்குப் பெரிய நம்பிக்கை லடாக்கின் பூகா பள்ளத்தாக்குதான். அதே எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், 1973 முதல், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அங்கே துளையிட்டது. 140 டிகிரி வரை வெப்பம் கிடைத்தது. ஒரு மெகாவாட் நிலையத்துக்கு ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டதோ 2021-ல்! அடுத்த வருஷம் துளையிட்டபோது வெளியேறிய திரவம் ஓடையில் கலந்தது சர்ச்சையானது. அரை நூற்றாண்டு ஓடிப்போச்சு.

நமக்கென்ன என்று கேட்கலாம். தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்கு சீசன் உண்டு, சோலாருக்கு ராத்திரி உண்டு. 2008-க்குப் பிறகான மின்வெட்டு வருஷங்களில் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகள் டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடினதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டாங்க. பூமிச்சூடு இரவும் பகலும் மின்சாரம் தரும். அதான் அதன் மதிப்பு.

காமோஜாங்கைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். சூடு இருந்தால் மட்டும் கரண்ட் வராது. ஆழத் துளையிட்டுக் கிணறு பொய்த்துப்போனால் அந்த நஷ்டத்தை யார் ஏற்பது, எந்தச் சட்டத்தின் கீழ் தோண்டுவது, அங்கே வாழ்கிறவர்களை யார் கேட்பது? இதற்கெல்லாம் பதில் வேண்டும். எண்ணெய் விலை ஏறும்போது ஞாபகம், இறங்கினால் மறதி என்று இருந்தால், பூகா இன்னொரு ஐம்பது வருஷம் சும்மா ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.