கொங்குநாட்டின் சூழல் மாசும் மூளையின் மூப்பும்

தேகம் மூப்படையும்போது மூளையும் உடன் மூப்படைவது இயற்கை. நடுவயதைக் கடந்தபின் மூளையின் கனம் சிறிது சிறிதாகக் குறைவதும், தெரிந்தவரின் பெயர் நாவின் நுனிவரை வந்து நின்றுவிடுவதும் யாவர்க்கும் பொது. ஆனால் அம்மறதி வளர்ந்து, கையிலுள்ள பணத்தை எண்ணவும், நாள்தோறும் நடந்த வழியில் வீடு திரும்பவும், பெற்ற மக்களை இனங்காணவும் இயலாத நிலையை ஒருவர் எய்தும்போது, அது மூப்பின் இலக்கணத்தைக் கடந்து வியாதியாகிறது. டிமென்ஷியா எனப்படும் இம்மறதிநோயின் வகைகளுள் மிகுதியானது, ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் விவரித்ததும் அவர் பெயராலேயே வழங்குவதுமான அல்சைமர் நோய். அதற்கு அடுத்தது, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் பழுதுறுவதால் விளையும் மறதிநோய். இரண்டும் ஒருவரிடத்தே கலந்திருப்பதும் உண்டு. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள், இந்நோயுடன் வாழ்கிறார்கள் என 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது; ஆடவரைவிடப் பெண்டிரிடையேயும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் அது மிகுதி என்பதும் அவ்வாய்வின் முடிபு. கொங்குநாட்டுக் கிராமங்களில், "வயசாயிருச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற சொல்லோடு இவ்வியாதி மருத்துவரைக் காணாமலே முற்றிவிடுவது வருந்தத்தக்கது.

இந்நோய்க்கு வயதும் பரம்பரையும் மட்டுமே காரணம் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2020-இல் காற்று மாசையும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 2024-இல் அக்குழு, தவிர்க்கக்கூடிய காரணங்கள் பதினான்கு என்றும், அவையனைத்தும் நீங்கினால் உலகின் மறதிநோயில் நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்றும் உரைத்தது. அவற்றுள் காற்று மாசின் பங்கு நூற்றுக்கு மூன்று. எண் சிறிதாயினும், புகைபிடித்தலை ஒருவர் தாமே விடலாம், இரத்தக் கொதிப்புக்குத் தாமே மருந்துண்ணலாம், ஊர் முழுவதும் சுவாசிக்கும் காற்றைத் தமக்கென மாற்றிக்கொள்ள ஒருவராலும் ஆகாது என்பதை நோக்கின் அதன் கனம் விளங்கும்.

காற்றிலுள்ள மாசுகளுள் மூளைக்குப் பெருந்தீங்கு செய்வன, குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்கள்; தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கினும் மிகா. நுரையீரலின் நுண்ணறைகளைக் கடந்து இரத்தத்தில் கலக்க வல்லவற்றோடு, மூக்கின் மேற்புறத்திலுள்ள மணமறியும் நரம்பின் வழியே நேராக மூளையை அடையும் மிகச் சிறியனவும் இவற்றுள் உண்டு. அங்ஙனம் சென்றவை மூளையின் காவலணுக்களைக் கிளர்ச்சியுறச் செய்து அழற்சியை நீடிக்கச் செய்கின்றன; இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் கெடுக்கின்றன. மெக்ஸிகோ நகரத்திலும் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்திலும் வாழ்ந்து இறந்தவர்களின் மூளையில், உயர்ந்த வெப்பத்தில் மட்டுமே உருவாகத்தக்க காந்த இரும்புத் துகள்கள் உருண்டை வடிவில் இருப்பதை, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா மாஹரும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்டனர். தென்னாட்டு மான்செஸ்டர் என்று பெயர்பூண்ட கோயம்புத்தூரின் மக்கள் அச்செய்தியைக் கருத்தூன்றிப் படித்தல் தகும். அவ்வகைத் துகளை வாகன எஞ்சினும் பிரேக்கும் உமிழ்வதோடு, இரும்பை உருக்கும் பவுண்டரிகளும் இந்நகரைச் சூழ்ந்து பல நூறு உள.

கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை 1888-இல் தோன்றியது. 1930-களில் பைக்காராவின் நீர்மின்சாரம் கிடைத்தபின் ஆலைகள் விரைந்து பெருகின. அவற்றின் பக்கத்தே மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் எழுந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்நகரின் புகை கலைந்துபோவது அதன் பாக்கியம்; பனிக்காலத்தின் காற்றில்லா விடியல்களில் அப்பாக்கியம் இல்லை. நகருக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை வெட்டிச் சுட்ட செங்கல் சூளைகள் நூற்றுக்கு மேற்பட்டவை, மக்களின் நெடிய வழக்குகளுக்குப் பின் 2021-இல் மூடப்பட்டன. காற்றிலுள்ள நுண்துகளின் ஆண்டுச் சராசரி, கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு உட்பட்டிருத்தல் போதும் என்பது இந்தியாவின் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் விதித்ததோ 5. நம் அளவைக் கடவாத நகரமும் மூளைக்கு ஊறற்றதாகிவிடாது. காற்று நம்மினும் தூயதான கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 66 இலட்சம் பேரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு, பெருஞ்சாலைக்கு 50 மீட்டருக்குள் குடியிருந்தோர்க்கு, 300 மீட்டருக்கு அப்பால் வாழ்ந்தோரைவிட மறதிநோய் நூற்றுக்கு ஏழு பங்கு அதிகம் எனக் கண்டது.

வீட்டினுள் எழும் புகை தனியே ஆராயத்தக்கது. பருத்திமாரும் தென்னைமட்டையும் விறகும் எரித்து, புகைபோக்கி இல்லாத சமையலறையில் ஐம்பது ஆண்டு உலைவைத்த மூதாட்டியர் சுவாசித்த நுண்துகள், அவிநாசி சாலையின் நெரிசலில் ஒருவர் சுவாசிப்பதைவிடப் பன்மடங்கு. அவ்வகை எரிபொருளைப் பயன்படுத்தும் குடும்பங்களின் முதியோர், அவருள்ளும் விசேஷமாகப் பெண்டிர், நினைவுப் பரீட்சைகளில் பின்தங்குகின்றனர் என இந்திய முதியோர் ஆய்வுத் தரவுகள் காட்டுகின்றன. பெண்டிரிடையே மறதிநோய் மிகுதியாயிருப்பதற்குக் கல்வி மறுக்கப்பட்டமை பெருங்காரணம். அடுப்படிப் புகை அதனோடு சேர்ந்த இரண்டாவது அநீதி என்றே கருதவேண்டும்.

சோமனூர், பல்லடம் வட்டாரங்களின் விசைத்தறிகள் எழுப்பும் ஓசையும் ஒரு மாசே. தறிக்குடோனில் அவ்வோசை தொண்ணூறு டெசிபெலைக் கடந்து நிற்கிறது. எட்டு மணி நேரத்திற்குச் சட்டம் ஒப்பும் உச்சமே தொண்ணூறு. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தறி ஓட்டுபவர், அருகே நிற்பவரிடம் சைகையாலும் உதட்டசைவாலும் பேசப் பழகி, நாற்பது வயதிலேயே செவிப்புலன் மங்கப் பெறுகிறார். லான்செட் குழுவின் பட்டியலில் காது கேளாமை முதல் வரிசையில், நூற்றுக்கு ஏழு என்ற பங்குடன் நிற்கிறது. ஒலி வராத மூளைப்பகுதி சுருங்குவதும், சொல்லை ஊகிப்பதிலேயே மனத்தின் ஆற்றல் செலவழிவதும், வெட்கத்தால் மனிதர் கூட்டத்தை விட்டு ஒதுங்குவதும் இதற்குக் கூறப்படும் ஏதுக்கள். அமெரிக்காவில் 2023-இல் முடிவு வெளியான ஒரு பரிசோதனையில், கலந்துகொண்டோர் அனைவரையும் ஒருங்கே நோக்கியபோது காதொலிக் கருவியால் பயன் தெரியவில்லையாயினும், மறதிக்கு ஏதுக்கள் மிகுந்திருந்த முதியோரிடத்தே மூன்றாண்டில் அறிவின் தேய்வு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தறித்தொழிலாளர்க்குச் செவிக்காப்பும் காதுப் பரிசோதனையும் அளிப்பது மூளையைக் காக்கும் மருத்துவமுமாகும் என்பதை ஆலைச் சொந்தக்காரரும் அரசாங்கமும் இன்னும் உணரவில்லை.

ஈயத்தின் கதை, மாசுக்கும் மறதிக்கும் இடைப்பட்ட காலம் எத்தனை நெடிது என்பதை விளக்கும். உடலில் சேர்ந்த ஈயம் எலும்பில் தங்கிப் பல பத்தாண்டுகள் கிடக்கிறது. முதுமையில், மாதவிடாய் நின்ற பெண்டிரிடத்தே சிறப்பாக, எலும்பு தேயும்போது அது மீண்டும் இரத்தத்தில் இறங்குகிறது. எலும்பில் ஈயம் மிக்க முதியோரின் அறிவாற்றல் விரைந்து தேய்கிறது என அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு வரை விற்கப்பட்டது. ஆதலின் இன்று அறுபதைத் தொடும் பஸ் டிரைவரும், பழைய பாட்டரியை உடைத்து ஈயம் உருக்கிய தொழிலாளியும் தம் இளமைக் காலத்தின் காற்றை எலும்பில் சுமந்திருக்கிறார்கள்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலின் கேடு வேறுவகை. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு ஏராளமாக வேண்டும். திருப்பூரின் சாயப்பட்டறைகள் அவ்வுப்பு நீரை ஆற்றில் விட, பாசனத்திற்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கரையோரக் கிணறுகள் கைத்தன. தென்னையும் பயிரும் பட்டன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறலாகாது என 2006-இல் ஆணையிட்ட சென்னை உயர்நீதிமன்றம், அது நிறைவேறாமை கண்டு 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடப் பணித்தது. உப்பு நீருக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு எனின், வங்காளதேசக் கடலோரத்தில் உப்புக் கலந்த குடிநீர் இரத்தக் கொதிப்பை உயர்த்தியது. நடுவயதின் இரத்தக் கொதிப்போ மறதிநோயின் நன்கறியப்பட்ட ஏது. உப்பு மிகுந்த உணவு எலிகளின் மூளையில், அல்சைமர் நோயோடு தொடர்புடைய டாவ் புரதத்தைத் திரிக்கிறது என 2019-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இது பிறநாட்டு ஆய்விலிருந்து நொய்யலுக்குப் பொருத்திக் கூறும் அனுமானமே. ஆயினும் அக்கரை மக்களின் இரத்தக் கொதிப்பை ஒழுங்காக அளப்பதற்கு அதுவே போதிய காரணம்.

இவ்வாய்வுகளுட் பெரும்பாலானவை இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதைக் காட்டுவனவேயன்றி, ஒன்று மற்றொன்றை விளைவித்தது என நிறுவுவன அல்ல. வறுமையும் கல்வியின்மையும் புகையுள்ள இடத்திலேயே குடியிருப்பதால் மூன்றையும் பிரித்தறிதல் எளிதன்று. எனினும் அமெரிக்காவில் காற்றின் தூய்மை மிகுதியாக மேம்பட்ட ஊர்களில் வாழ்ந்த மூதாட்டியர்க்கு மறதிநோய் குறைந்தது என 2022-இல் வெளியான ஆய்வு, முதுமையிலும் காலம் கடந்துவிடவில்லை என்பதற்குச் சான்று.

இம்மண்டலத்தில் மறதிக்காக மருத்துவரிடம் வருவோரிடத்தே வயதும் சர்க்கரையும் கொதிப்பும் கேட்பதோடு, எந்த மில்லில், பஞ்சைப் பிரிக்கும் ப்ளோரூமிலா சிக்கெடுக்கும் கார்டிங்கிலா, எத்தனை ஆண்டு உழைத்தார், பவுண்டரியில் உலைக்கு அருகே நின்றவரா, தறிக்குடோனில் எத்தனை மணி நேரம் இருந்தார், எந்த அடுப்பில் சமைத்தார், எந்தக் கிணற்று நீரைக் குடித்தார் என்ற வினாக்களையும் கேட்டுப் பதிவேட்டில் எழுதவேண்டும். மருத்துவக் கல்லூரிகள் பல உள்ள கோயம்புத்தூரில் இது பெருஞ்செலவின்றித் தொடங்கத்தக்க காரியம். பழைய ஆலைத் தலைமுறை மறையுமுன் தொடங்கினால், கொங்குநாட்டுக்கே உரிய சான்று சில ஆண்டுகளில் கைக்கு வரும்.